ஏரிக்கரை ஊர்களில் என் படம்

என் அம்மா தையல்காரி. பாலக்கரையில் மாதா கோயிலுக்குப் பின்னால் போகும் சந்து ஒன்றில் எங்கள் வீடு. வீடு என்றால் ஓர் அறைதான். ஜன்னலை ஒட்டிய வெளிச்சமான பாதி தையல் மிஷினுக்கு, மீதி எங்கள் இருவருக்கு. நான் நடக்கப் பழகுவதற்கு முன்பே அப்பா ஒரு லாரி விபத்தில் போய்விட்டார். அம்மா தைத்தது பெரும்பாலும் ஸ்ரீரங்கத்து வீடுகளுக்கு. உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் சில மாமிகள் அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் ரவிக்கைத் துணியைக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய் அளவு எடுத்துவருவாள். தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது நானும் கூடப் போவேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, பக்கத்துக் கான்வென்டிலிருந்து சிஸ்டர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இத்தாலியில் நல்ல மனிதர்கள் சிலர் இங்குள்ள ஏழைப் பிள்ளைகளை, குடும்பத்துக்கு ஒருவர் என்று எடுத்துக்கொண்டு படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள், பிள்ளை நம் வீட்டிலேயே இருக்கலாம், ஒரு போட்டோ மட்டும் எடுத்து அனுப்ப வேண்டும் என்றார். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் அழாத குறை. அன்றைக்கே பெரிய கடை வீதிக்குப் போய் வான நீலத்தில் கட்பீஸ் வாங்கிவந்து எனக்குக் கவுன் தைத்தாள். பஃப் கை, நெஞ்சில் சுருக்கம் வைத்து வெள்ளை நூலில் பூவேலை. கண்ணாடி முன்னால் நின்று நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தது நினைவிருக்கிறது.

கான்வென்ட் வராந்தாவில் போட்டோக்காரர் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தார். இன்னும் சில பிள்ளைகள் அம்மாக்களோடு நின்றார்கள். சிஸ்டர் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"என்னங்க, கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கு?"

"நானே தச்சது, சிஸ்டர்" என்றாள் அம்மா. அவளுக்கு முகம் கொள்ளாத பெருமை.

"அழகாத்தான் இருக்கு. யாரு இல்லேங்குறா? ஆனா இதப் பாத்தா அங்க இருக்குறவங்க என்ன நினைப்பாங்க, சொல்லுங்க. இந்தப் புள்ளைக்கு எதுக்குன்னு வேற புள்ளைய எடுத்துக்குவாங்க. வீட்டுல போடுறது ஏதாவது கிழிஞ்சது இருக்கும்ல, அதப் போட்டுவிட்டுக் கூட்டிட்டு வாங்க. வெளிச்சம் போறதுக்குள்ள வாங்க. செருப்பு வேண்டாம்."

அந்த சிஸ்டர் கெட்டவர் இல்லை. எனக்கு அந்தப் படிப்பு கிடைக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தவர் அவர்.

வீட்டுக்கு ஓடிவந்தோம். எங்கள் வீட்டில் கிழிந்த துணி கிடையாது. பழசு இருந்தது, சாயம் போனது இருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் ஒட்டுப்போட்டு ஓரம் அடித்து ஒழுங்காக இருந்தது. டிரங்குப் பெட்டியை முழுக்கக் கவிழ்த்துப் பார்த்தாள் அம்மா. பிறகு ஒரு பழைய பழுப்புக் கவுனை எனக்குப் போட்டுவிட்டு, கட்டில்மேல் நிறுத்தி, மிஷின் டிராயரிலிருந்து பாதி பிளேடை எடுத்தாள்.

"அசையாம நில்லு. பிளேடு பட்டுரும்."

இடது தோளில் தையலைப் பிரித்தாள். நூல் ஒவ்வொன்றாக விட்டது. கை தொங்கித் தோள் வெளியே வந்ததும், கொஞ்சம் தள்ளி நின்று, தைத்த துணியைப் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். என் ரிப்பனை உருவித் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். போட்டோ எடுத்தார்கள். எனக்கு பிஸ்கட் கொடுத்தார்கள். திரும்பும் வழியில் அம்மா வேகமாக நடந்தாள். நான் பிஸ்கட்டிலேயே குறியாக இருந்தேன்.

அந்தப் படம் ஒரு தம்பதிக்குப் போய்ச் சேர்ந்தது. இத்தாலியின் வடக்குப் பகுதியில், மலைகளுக்கு நடுவில், ஓர் ஏரிக்கரை ஊர். கணவர் பள்ளிக்கூட வாத்தியார். மனைவி பட்டு மில்லில் தறி பார்த்தவர். பிள்ளைகள் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சிஸ்டர் எழுதித் தருவதைப் பார்த்து நான் அவர்களுக்கு ஆங்கிலத்தில் வாழ்த்து எழுதுவேன். அவர்களிடமிருந்து பனி மூடிய மலைகளின் படம் போட்ட அட்டை வரும். நான் பள்ளியை முடித்தேன். கல்லூரியில் பி.காம். முடித்தேன். அந்த வருடம்தான் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஆகஸ்டில் அவர்கள் ஊர்க்காரர்கள் கூட்டமாக ஏரியைச் சுற்றி ஊர் ஊராக நடப்பார்களாம். அது அவர்களுக்கு வருடாந்திர விடுமுறையாம். இந்த முறை நான் கூட வந்தே ஆகவேண்டும் என்று டிக்கெட்டே அனுப்பிவிட்டார்கள்.

கான்வென்டில் வயதான இத்தாலிய சிஸ்டர் ஒருவர் இருந்தார். சாயங்காலம் போய் அவரிடம் கொஞ்சம் மொழி கற்றுக்கொண்டேன். அம்மா இரவும் பகலும் மிஷினிலேயே இருந்தாள். மலையில் நடப்பதற்கு என்று அவளாகவே யோசித்து, நீளமான பாவாடைகள் தைத்தாள். கெட்டித் துணி, இரண்டு பக்கமும் ஆழமான பை, உட்பக்கத் தையல் வெளியே தெரியாதபடி மடித்து அடித்தது. "அங்க யாரும் நம்மள ஒரு சொல்லு சொல்லிரக் கூடாது" என்றாள். நான் கிளம்பிய நாளில் ஆடிப்பெருக்கு முடிந்து காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ரோமுக்குப் போகும் சிஸ்டர் ஒருவர் துணைக்கு வந்தார்.

அவர்கள் ஊர் ரயிலடிக்குத் தம்பதி இருவரும் வந்திருந்தார்கள். வாத்தியார் உயரமானவர். கொஞ்சம் ஆங்கிலம் பேசுவார். மனைவி குள்ளம், முழங்கால் வலி, ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. சின்யோரா என்றுதான் அவரை அழைத்தேன், அங்கே மணமான பெண்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் நான் இருந்தேன். அவர்களுடைய கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவில், அதே மரச் சட்டத்தில். தலை கலைந்து, கால் வெறுங்காலாக, இடது தோள் வெளியே தெரிய. அந்தப் படத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கண்கள் மட்டும் ஓரமாக எங்கோ பார்த்தன. அன்று பிஸ்கட் தட்டு அந்தப் பக்கம்தான் இருந்தது. "பார், எவ்வளவு சோகமான கண்கள்!" என்றார் வாத்தியார். எனக்குக் காது சுட்டது.

மறுநாள் காலை என் பாவாடையின் ஓரத்தைச் சின்யோரா சட்டென்று பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஜன்னலருகே இழுத்துப்போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தையலின்மேல் விரலை ஓட்டினார்.

"யார் தைத்தது?"

"அம்மா."

"அம்மாவா?" அவர் திரும்பிச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி பாவாடையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் அவர் கேட்டுவிட்டது போலவே இருந்தது.

அன்று மாலை ஏரிக்கரையில் உலாவப் போனோம். சர்ச் கதவில் பெரிய சுவரொட்டி. அதிலும் நான்தான். சுவரில் இருந்ததைவிடப் பெரிதாக, தொங்கும் கையின் நூல்பிசிறு கூடத் தெரியும்படி. மேலே தடித்த எழுத்தில் ஒரே ஒரு சொல். அந்த எழுத்துகளை ஆங்கிலமாகப் படித்தால் புகழ் என்று அர்த்தம் வரும். நானும் அப்படித்தான் படித்தேன். இவர்கள் என்னை இவ்வளவு பெரிய ஆளாக ஆக்கிவிட்டார்களே என்று கூச்சத்தோடு சிரித்தேன். வாத்தியார் என் சிரிப்பைப் பார்த்துக் குழம்பி, "ஃபாமே" என்று வாசித்துக் காட்டினார். அப்புறம் வயிற்றைத் தொட்டுக்காட்டி, "பசி" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. அந்த வருட நடை வெறும் விடுமுறை நடை இல்லை. போகிற ஊரில் எல்லாம் மாலையில் கூட்டம் நடக்கும். என்னைப் போன்ற பிள்ளைகளை இன்னும் பல குடும்பங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பேசுவார்கள். பேச வாத்தியார் இருந்தார். காட்டுவதற்கு நான்.

அவர்கள் அதை மறைக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தார்கள்.

நடக்கத் தொடங்கினோம். கழுதைகள் போவதற்காக என்றைக்கோ கல் பாவிய பாதைகள். செஸ்ட்நட் மரங்களின் நிழல், திடீரென்று மரங்கள் விலகிக் கீழே அசையாத நீலத் தண்ணீர். சித்திரையில் மணலாகக் கிடந்து ஆடியில் பொங்குகிற ஆற்றைப் பார்த்து வளர்ந்தவள் நான். எப்போதும் ஒரே அளவில் நிற்கிற அந்த ஏரி எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கூட்டத்தில் தபால்காரர், மருந்துக்கடைக்காரர், விதவைகள் சிலர், வயதான இரட்டைச் சகோதரிகள். மூச்சு வாங்கும் ஏற்றத்திலும் பாடிக்கொண்டே நடப்பார்கள். நிற்கும் இடங்களில் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் கத்தியால் வெட்டி முதல் துண்டை எனக்குத் தருவார்கள். நான் சாப்பிடுவதை எல்லாரும் பார்ப்பார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்பார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடிப்போகும். அதனால் வயிறு முட்ட முட்டத் தின்றேன்.

வாத்தியார் எனக்குத் தோல் பூட்ஸ் வாங்கித் தந்திருந்தார். பாலக்கரையிலிருந்து கல்லூரி வரைக்கும் செருப்புக் காலோடு நடந்து பழகியவள். எனக்கு நடை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த பூட்ஸ் இரண்டாம் நாளே குதிகாலைக் கடித்துவிட்டது. கொப்புளம் உடைந்து காலுறை ஈரமானது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் அந்தக் கல் பாதையில் ஆடுபோல ஏறியிருப்பேன். கழற்றத் துணியவில்லை. கழற்றினால் நான் படத்தில் இருப்பவளாகவே ஆகிவிடுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

ஒரு சிற்றூரின் தண்ணீர்த் தொட்டியருகே வலி தாங்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் விட்டேன். அந்த ஊர்க் கிழவி ஒருத்தி வந்தாள். சுவரொட்டி அங்கேயும் இருந்திருக்க வேண்டும். என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். மண்டியிட்டுத் தன் மேலங்கியால் என் பாதங்களைத் துடைத்து அழத் தொடங்கினாள். "பூட்ஸ்தான் கடித்தது, பூட்ஸ்தான்" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் சொன்னேன். அவளுக்குக் காது கேட்கவில்லையோ என்னவோ. சுற்றிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். இருபது வயதுப் பெண், பி.காம். படித்தவள், வாயைத் திறந்து 'விடுங்கள்' என்று சொல்லத் தெரியாமல் காலைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாலைகளில் சர்ச் கூடத்தில் படத்தை ஒரு தாங்கியில் நிறுத்துவார்கள். பக்கத்தில் நான். வாத்தியார் ஒவ்வோர் ஊரிலும் ஒரே வாக்கியத்தில் ஆரம்பிப்பார். நாலு ஊர் கடப்பதற்குள் அது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. "எங்களிடம் வந்தபோது இந்தக் குழந்தைக்கு மூடிக்கொள்ளத் துணி கூட இல்லை." படத்தில் இருந்த தோளைத் தொட்டுக்காட்டுவார். பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன். அது அடக்கம் என்று மெச்சுவார்கள். என் கண்ணில் அந்தப் பாதி பிளேடு மட்டும்தான் நிற்கும்.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா விண்ணேற்புத் திருநாள். மலை உச்சிச் சிற்றாலயத்தில் பூசை. பல ஊர்க்காரர்கள் ஏறி வந்திருந்தார்கள். பூசை முடிந்து வாத்தியார் பேசி முடித்ததும் ஓர் இளம் தாய் தன் மகளை முன்னால் தள்ளினாள். ஆறேழு வயது இருக்கும். நீலக் கவுன். கையில் ஒரு பொம்மை. "கொடு" என்றாள் தாய். குழந்தை படத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. இவ்வளவு பெரிய பெண்ணுக்கு எதற்குப் பொம்மை என்று அதற்குப் புரியவில்லை. உதடு துடித்தது. தாய் குனிந்து காதில் ஏதோ சொன்னாள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு பொம்மையை என் கையில் வைத்துவிட்டு ஓடியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

பொம்மையை வைத்துக்கொண்டு இறங்கினேன். முழங்கால் வலியால் சின்யோரா எல்லாருக்கும் பின்னால் வருவார். நானும் அவரோடு பின்தங்கினேன். ஒரு வளைவில் மற்றவர்கள் கண்ணில் படவில்லை. அங்கேயே நின்றேன்.

"அந்தக் கவுன் கிழியவில்லை" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பாவாடையின் ஓரத்தை எடுத்து, விரலை பிளேடுபோல வைத்துத் தையலின்மேல் இழுத்துக் காட்டினேன். "அம்மா. அம்மாதான் பிரித்தாள். போட்டோவுக்காக." நீலக் கவுன், சிஸ்டர் சொன்னது, டிரங்குப் பெட்டி என்று எல்லாவற்றையும் சொன்னேன். வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் காட்டினேன். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது.

துணியோடு வாழ்ந்தவருக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. பாதையோரக் கல்லில் உட்கார்ந்தார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"பிரிக்கும்போது அம்மா அழுதாளா?"

எனக்குத் தெரியவில்லை. அவள் பிரித்தபோது முகத்தை நான் பார்க்கவே இல்லை. பிளேடைத்தான் பார்த்தேன். "இல்லை" என்றேன்.

அவர் தலையாட்டினார். முன்னால் இறங்கிப்போகும் கணவரின் குரல் வந்த திசையைக் காட்டி, "அவரிடம் சொல்லாதே" என்றார். என் கையிலிருந்து பொம்மையை வாங்கிக்கொண்டார். அன்று மாலையே அதை அந்தக் குழந்தை வீட்டில் சேர்த்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

படகில் ஊர் திரும்பும்போது சின்யோரா தள்ளி உட்கார்ந்தார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். கோபமா, வருத்தமா, எனக்குத் தெரியவில்லை. மேலே மலையில் நெஞ்சுக்கு வந்த அந்த லேசு, படகு நடு ஏரிக்கு வருவதற்குள் போய்விட்டது. நான் என்ன செய்தேன்? என் முகத்தைத் துடைத்துக்கொள்ள அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். பாவாடையைத் திருப்பிப் பார்த்து அம்மாவை மதித்த ஒரே ஒரு ஆளிடம் போய், என் அம்மா ஏமாற்றுக்காரி என்று சொல்லிவிட்டு வந்தது போல ஆகிவிட்டது. மீதி இருந்த நாட்களில் நடந்த கூட்டங்களில் படத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது இரண்டு வெட்கமும் சேர்ந்தே இருந்தன.

ஊர் வந்து சேர்ந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்ன சாப்பாடு, எப்படிப்பட்ட வீடு, பாவாடையைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா.

"அந்தம்மா திருப்பிப் பாத்தாங்கம்மா. ரொம்ப நல்லா இருக்குன்னாங்க."

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எழுந்து மிஷினுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள். "அந்த போட்டோவ வச்சிருக்காங்களா?"

"எங்கயோ ஒரு ஓரமா இருக்கு. சரியாப் பாக்கல."

"சரி" என்று மிதிக்கத் தொடங்கினாள்.

அந்த வாரம் ஸ்ரீரங்கத்துக்கு ரவிக்கைகளைக் கொடுக்கப் போனபோது, சித்திரை வீதி மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இத்தாலிக்குப் போய்ட்டு வந்துட்டயாமே! அங்கே போய் என்னடி பண்ணினே?"

"நடந்தேன், மாமி. ஏரியச் சுத்தி."

"நடக்கறதுக்கா சமுத்திரம் தாண்டிப் போனே? அந்த நடையை இங்கே நடந்திருந்தா ஏழு பிராகாரத்தையும் பிரதட்சிணம் பண்ணின புண்ணியமாவது கிடைச்சிருக்கும்!"

அம்மா என்னை முந்திக்கொண்டு சொன்னாள். "அவங்கல்லாம் இவள சொந்தப் பொண்ணு மாதிரி வச்சுக்கிட்டாங்களாம், மாமி." நான் ரவிக்கைக் கொக்கிகளை எண்ணுவது போலக் குனிந்துகொண்டேன்.

எனக்குத் தில்லை நகரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. இத்தாலிய சிஸ்டரிடம் படிப்பதை மட்டும் விடவில்லை. சில வருடங்கள் கழித்து வாத்தியார் மாரடைப்பில் இறந்துபோனார். அதற்கு அடுத்த தை மாதத்தில், கோயில்களைப் பார்க்க வந்த ஒரு கூட்டத்தோடு சின்யோரா திருச்சிக்கு வந்தார். மற்றவர்கள் மலைக்கோட்டைக்குப் போக, அவர் கையில் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் சந்துக்குள் வந்தார்.

அம்மாவும் அவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்கள். பிறகு என்னை மறந்தே போனார்கள். அம்மா காஞ்சிபுரம் பட்டு ரவிக்கை ஒன்றை விரித்துக் காட்டினாள். சின்யோரா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், இழையை நகத்தால் நீவினார், அம்மாவின் மிஷினில் உட்கார்ந்து மிதித்துக்கூடப் பார்த்தார். மொழி இல்லாமலேயே எது நல்ல துணி, எது மட்டம் என்று இருவருக்கும் ஒத்துப்போனது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

காபி குடித்து முடித்ததும் அம்மா தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன். அப்படியே அவங்ககிட்ட சொல்லு."

"என்னம்மா?"

"அந்த போட்டோ. அதுல இருந்த கவுனு கிழிஞ்சது இல்ல, நான்தான் பிரிச்சேன்னு சொல்லு. நல்ல கவுனு ஒண்ணு தச்சு வச்சிருந்தேன், அதப் போட்டுக் கூட்டிட்டுப் போனேன், வேண்டாம்னாங்க. இத்தன வருஷமா மனசுக்குள்ளயே கெடக்கு. அவரு இருக்குறப்பவே சொல்லியிருக்கணும். நேர்ல பாத்தாத்தான் சொல்லணும்னு வச்சிருந்தேன்."

நான் அம்மாவையே பார்த்தேன். அம்மா ஆயத்தமாகியிருந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார்ந்தவள் போல இருந்தாள்.

"சொல்லுடி."

சொன்னேன். ஏற்கெனவே ஒரு முறை சொன்ன அதே வார்த்தைகள். இந்த முறை இலக்கணப் பிழை இல்லாமல் வந்தன. சின்யோரா என்னை ஒரு கணம் பார்த்தார். ஒரே கணம்தான். பிறகு அம்மாவின் பக்கம் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்தார். முதல் முறையாகக் கேட்பவரைப் போலவே கேட்டார். நான் முடித்ததும் என்னிடம் அல்ல, அம்மாவிடமே கேட்டார். அன்று மலையில் கேட்ட அதே கேள்வி. நான் தமிழில் சொன்னேன்.

"அழுதியான்னு கேக்குறாங்க."

"அழுறதுக்கு எங்க நேரம்? வெளிச்சம் போறதுக்குள்ள வரச் சொன்னாங்களே" என்றாள் அம்மா. கொஞ்சம் சிரித்தாள். "வீட்டுக்கு வந்து விளக்கேத்துறதுக்கு முன்னாடியே திரும்பத் தச்சிட்டேன். தச்சப்புறம்தான் அழுதேன். இவ தூங்கிட்டா."

அதையும் மொழிபெயர்த்தேன். சின்யோரா அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அம்மா அங்கேயே தேம்பினாள். எனக்கு அந்த அறையில் நிற்க இடம் இல்லை. தம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

மறுநாள் அம்மாவுக்கு ஸ்ரீரங்கத்தில் கொடுக்க வேண்டிய ரவிக்கைகள் இருந்தன. சின்யோரா தானும் வருவேன் என்று சைகை காட்டினார். என்னையும் வரச் சொன்னார்கள். கிளினிக்கில் லீவு கிடைக்காது என்றேன். கேட்டிருந்தால் டாக்டர் கொடுத்திருப்பார். இருவரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் போவதைப் பாலக்கரை நிறுத்தத்தில் நின்று பார்த்தேன். ஒருத்தி தடியோடு, ஒருத்தி துணிப்பையோடு. கண்டக்டர் ஏறிட்டுப் பார்த்தார். என் அம்மா இரண்டு டிக்கெட் என்று விரலைக் காட்டினாள்.

சின்யோரா ஊர் திரும்பிய அன்று சாயங்காலம், அம்மா ஜன்னலருகே ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"நல்ல பொம்பள. மாமி வீட்டுல எல்லா ரவிக்கையையும் திருப்பித் திருப்பிப் பாத்தா." நூலைப் பல்லால் கடித்தாள். "ஒண்ணு மட்டும் பாத்தியா? நான் அவ்வளவு பெரிய விஷயத்தச் சொன்னேன். அவ மூஞ்சில ஒரு அதிர்ச்சி இல்லையே."

"ஆமாம்மா."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவள் காத்திருந்தாளா, சும்மா பார்த்தாளா, இன்றும் எனக்குத் தெரியாது. பிறகு ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து, ரசத்தைச் சூடு பண்ணட்டுமா என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அம்மா வெகுகாலம் இருந்தாள். சின்யோராவைப் பற்றி அடிக்கடி பேசுவாள். தன் மனதில் இருந்ததைத் தானே சொல்லித் தீர்த்த கதையைச் சித்திரை வீதி மாமியிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.